பீரோவில் இருக்கும் அப்பாவின் துப்பாக்கி

வாசகர் கடிதம்:

வக்கீல் அம்மா அவர்களுக்கு வணக்கம். பண்ருட்டி பக்கத்தில் ஏழு ஏக்கர் முந்திரித் தோப்பும் அதன் ஓரமாகக் கொஞ்சம் பலாவும் வைத்திருக்கும் விவசாயி நான். வயது 61. இருபது ஆண்டாக உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். ஒரு நாளும் தவறாகப் பயன்படுத்தியதில்லை. டல்லாஸில் இருக்கும் மூத்த மாப்பிள்ளையிடம் ஐந்தாறு துப்பாக்கிகள் இருக்கின்றன. துப்பாக்கியும் தங்கம் போல விலை இறங்காத சொத்து என்கிறார், அமெரிக்காவில் அதற்கு வரியையே எடுத்துவிட்டார்கள் என்கிறார். இங்கோ தேர்தல் வந்தால் குற்றவாளியைப் போல ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. காந்தியே ஆயுதச் சட்டத்தைக் கண்டித்தவர்தானே? சவரன் லட்சத்தைத் தாண்டிவிட்ட இந்தக் காலத்தில், நல்ல ரிவால்வர் ஒன்று வாங்கி வைத்தால் முதலீடாகுமா? தோப்பில் கொட்டை திருட வருகிறவனைச் சுட்டால் சட்டம் என்னைக் காப்பாற்றுமா? காட்டுப்பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா? ஆனி மாதம் காலமான என் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியும் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. அதை என்ன விலைக்குக் கொடுக்கலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

தந்தையாரை இழந்து நிற்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபங்கள். உங்கள் கடிதத்தில் கேள்விகளும் கருத்துகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் கடைசி வரியில், விலை விசாரிக்கும் சாக்கில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். மற்றவை அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம். அந்த ஒன்று இந்த வாரத்தைத் தாண்டக் கூடாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆனி போய் இப்போது ஐப்பசி நடக்கிறது. உரிமம் என்பது ஓர் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. அந்த ஆள் காலமான நாளோடு அது முடிந்துபோகிறது, புத்தகத்தில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருந்தாலும் சரி. எனவே கடந்த நான்கு மாதமாக உங்கள் பீரோவில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி, அதன் சாவி உங்கள் இடுப்பில். உங்களிடம் உரிமம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் ஒற்றைக்குழலின் எண்ணைக் குறித்துக் கொடுத்த உரிமம், பக்கத்தில் இருக்கும் இரட்டைக்குழலுக்கு அது நிழல் தராது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவில், உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு தேவையற்ற தாமதமின்றி ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஒப்படைக்காமல் வைத்திருப்பது 25ஆம் பிரிவின் கீழ் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. கருமாதியும் சொத்துப் பேச்சும் முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடுவதை நானும் அறிவேன், தானாக முன்வந்து ஒப்படைக்கும் வாரிசை அதிகாரிகள் பெரும்பாலும் அனுதாபத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்த அனுதாபம், அவர்களாகத் தேடி வந்து பீரோவைத் திறக்கச் சொல்லும் நாளில் இருக்காது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துப்பாக்கியைத் துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். வழியில் சோதனை நடந்தால் உங்கள் நல்லெண்ணத்தைச் சாலையோரத்தில் நின்று விளக்க வேண்டியிருக்கும். முதலில் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் உரிமப் புத்தகம் இரண்டின் நகலோடு, காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதத்தை நேரில் கொடுத்து, இன்ன எண் உள்ள துப்பாக்கியும் இத்தனை தோட்டாக்களும் வீட்டில் இருக்கின்றன, ஒப்படைக்க விரும்புகிறேன் என்று எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். அவர்கள் சொல்லும் முறைப்படி கொண்டுபோய்க் கொடுங்கள். தோட்டாக்களை மறந்துவிடாதீர்கள், அவையும் அப்பாவின் உரிமத்தில் வாங்கியவைதான். பழைய காகித உறைத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிப்போயிருந்தால், போகுமா பார்க்கலாம் என்று குழலில் திணித்துப் பார்க்க வேண்டாம்.

ரசீது விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் தம் தந்தையின் துப்பாக்கியை ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைத்தபோது, 'துப்பாக்கி ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று அரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எண் இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை, எந்த நிலையில் கொடுத்தார் என்ற குறிப்பும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது, அது இருந்த அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. உரிமம் கைக்கு வந்து துப்பாக்கியை மீட்கப் போனவருக்கு, சாக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பொருளின் குழலுக்குள் சுண்டு விரல் விட்டால் செங்கல் பொடி போலத் துரு ஒட்டிக்கொண்டு வந்தது. கொடுக்கும்போது நன்றாக இருந்தது என்பதற்கு அவரிடம் ஒரு சாட்சியமும் இல்லை. நம் கடற்கரைக் காற்றுக்கு வெள்ளம்கூடத் தேவையில்லை, எண்ணெய் போடாத இரும்பை ஒரு மழைக்காலமே தின்றுவிடும். எனவே ஒப்படைப்பதற்கு முன் குழலின் உள்ளும் புறமும் எண்ணெய்த் துணியால் துடைத்து, எண் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதில் எண்ணும் நிலையும் எழுதச் சொல்லுங்கள். கட்டணம் போனாலும் பரவாயில்லை என்றால் ஆயுத வியாபாரியின் பாதுகாப்பில் வைப்பதே மேல்.

அடுத்தது, அது யாருடையது என்பது. உங்களுக்குச் சகோதரிகள் இருக்கிறார்களா, தாயார் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், உயில் ஏதும் இல்லாத நிலையில், அப்பாவின் மற்ற அசையும் பொருள்களைப் போல இந்தத் துப்பாக்கியின் உடைமையும் அவர்கள் எல்லோருக்கும் சமபங்காகப் போகிறது. ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை அப்படிப் போவதில்லை, உரிமம் பெறுகிற ஒருவருக்கு மட்டுமே போகிறது. நகையிலும் நிலத்திலும் பங்கு வந்தால் பொருளும் கூடவே கைக்கு வந்துவிடும். துப்பாக்கியில் மட்டும் இரண்டும் தனித்தனி வழியில் நடக்கின்றன, உங்கள் முதலீட்டுக் கேள்வியும் இங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைப் பத்திரமும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதி இதற்கு இடம் தருகிறது, தகுதியும் குறையில்லாத காவல்துறை அறிக்கையும் இருந்தால் போதும். அதே விதி, உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் வழி செய்திருக்கிறது. இதைப் படிக்கும் மற்ற வாசகர்களின் வீட்டில் வயதான உரிமதாரர் இருந்தால் அவர் தெம்பாக இருக்கும்போதே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

விற்பதானால் நினைத்த மாத்திரத்தில் விற்க முடியாது. ஒப்படைத்த துப்பாக்கியை, குறித்த காலத்துக்குள், வியாபாரிக்கோ உரிமமுள்ள ஒருவருக்கோ விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. காலம் தவறினால் அதை அரசுடைமையாக்கும் அதிகாரம் மாவட்ட நடுவருக்கு, அதாவது ஆட்சியருக்கு, உண்டு. நீங்கள் உரிமத்தோடு வைத்திருக்கும் ஒற்றைக்குழலையே தனியாருக்கு விற்பதானாலும், மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். அவசரத்துக்கு அடகு வைக்கலாமே என்ற யோசனையும் வேண்டாம். உரிமமில்லாதவர் கையில் ஆயுதத்தைக் கொடுப்பது 29ஆம் பிரிவின்படி கொடுத்தவருக்கும் குற்றமாகும்.

இப்போது மாப்பிள்ளையின் முதலீட்டு யோசனைக்கு வருகிறேன். மாப்பிள்ளை சொல்லை மறுத்துப் பேச முடியாத இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் சொல்வது அவர் ஊரிலேயே பாதிதான் சரி. அங்கே எடுத்துவிட்டதாகச் சொல்லும் வரி, 1934ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 200 டாலர். ஒலி அடக்கி, குழல் குட்டையான ரைஃபிள் போன்ற சில வகைகளுக்கு மட்டும் உரியது. ஏறக்குறைய 92 ஆண்டு தொகை மாறாமல் இருந்த அது 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமானது. இயந்திரத் துப்பாக்கிக்கு அது இன்னும் இருக்கிறது, மற்றவற்றுக்கும் பதிவு செய்யும் கட்டாயம் போய்விடவில்லை. சாதாரணத் துப்பாக்கி மீது தயாரிப்பாளர் கட்டும் 10, 11 சதவீத மத்திய வரியும் அப்படியேதான் நீடிக்கிறது. 1937 முதல் அந்தப் பணம் அங்கே வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

விலை இறங்காது என்பதற்கு அவர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் இயந்திரத் துப்பாக்கி. 1986 மே மாதத்துக்குப் பிறகு செய்தவற்றைப் பொதுமக்கள் வாங்க முடியாது என்று அமெரிக்கச் சட்டம் கதவை மூடியதால், அதற்கு முன் பதிவானவை பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன. நம் நாட்டிலும் 1980களின் நடுவில் தனிநபர் இறக்குமதி நின்றதால்தான் பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்கு இத்தனை கிராக்கி. இரண்டு இடத்திலும் விலையை ஏற்றியது அரசாணை, அதே அரசாணை இறக்கவும் செய்யும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தபோது, நாடு முழுவதும் மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஓராண்டுக்குள் அதைக் கைவிட வேண்டியவர்களானார்கள், வாங்கக்கூடியவர்களோ அதே சட்டத்தால் குறைந்துபோனார்கள். சவரனை நள்ளிரவில் அவசரம் என்றாலும் தெருக்கோடி அடகுக்கடையில் பணமாக்கலாம். ரிவால்வரை வாங்க வருகிறவருக்குப் பணம் இருந்தால் போதாது, உரிமத்தில் காலியிடமும் இருக்க வேண்டும். உங்கள் உரிமத்திலேயே அது இருக்காது. அப்பாவின் இரட்டைக்குழலை உங்கள் பெயருக்கு மாற்றினால் இரண்டு நிறைந்துவிடும், பிறகு கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரை நீங்கள் கடைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். மாற்றவில்லை என்றாலும், ரிவால்வர் கேட்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். 'சேமிப்பு' என்பதை எந்த ஆட்சியரும் காரணமாக ஏற்கமாட்டார்.

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791இல் வந்த இரண்டாவது திருத்தத்தின் வழியாக ஓர் உரிமை, தனிநபருக்கும் அது உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் உறுதி செய்தது. நம் அரசமைப்பில் அப்படி ஒரு வரி இல்லை. காந்தியடிகளை நீங்கள் இழுத்ததால் சொல்கிறேன்: 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை அவர் கடுமையாகக் கண்டித்தது உண்மைதான், ஆனால் அது 1918இல் முதல் உலகப் போருக்குப் பட்டாளத்தில் சேருங்கள் என்று குஜராத் மக்களை அழைத்து எழுதிய துண்டறிக்கையில். பட்டாளத்தில் சேர்ந்தால் ஆயுதம் பழகும் வாய்ப்பு வரும் என்பது அங்கே அவருடைய வாதம். தோப்புக்கு ஒரு ரிவால்வர் வேண்டும் என்பதற்கு அதைத் துணைக்கு அழைக்க முடியாது. அவர் கண்டித்த அந்தச் சட்டத்தையும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது.

தேர்தல் பற்றிய உங்கள் மனக்குறையில் பாதி நியாயம் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16இல் அறிவிப்பு வந்தது, கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது, ஆனால் எண்ணிக்கை ஜூன் 4. நடத்தை விதி அதுவரை நீடித்ததால் முந்திரிப் பருவம் முழுவதும் துப்பாக்கி உங்கள் கையில் இருந்திருக்காது. எல்லோரும் கொடுங்கள் என்று மொத்தமாக உத்தரவிடுவது சரியல்ல, ஒவ்வொரு உரிமதாரரின் நிலையையும் தனித்தனியாகப் பரிசீலித்தே முடிவெடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, அதற்காக மாவட்ட அளவில் பரிசீலனைக் குழுவும் உண்டு. வங்கிக் காவலர்களும் போட்டிகளில் சுடும் வீரர்களும் விலக்கு பெறுவது இந்த வழியில்தான். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த உடனே, தோப்பின் நிலவரத்தையும் குற்றப் பின்னணி இல்லாததையும் காட்டி மனுக் கொடுத்துப் பாருங்கள். விலக்குக் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், ஆனால் கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்து புலம்புவதற்கு அது மேல்.

திருடனைச் சுடலாமா என்ற கேள்விக்கு என் பதில் கூடாது என்பதே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவின்படி, சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்பது கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் போன்றவற்றுக்கு உரியது. வெறும் திருட்டென்றால், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்திருக்க வேண்டும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டையை மடியில் அள்ளிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகைப் பார்த்து எந்த நீதிபதிக்கும் அந்த அச்சம் வராது. தானே புயல் 2011இல் நம் பகுதி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு, ஒவ்வொரு மரத்தையும் பிள்ளைபோல வளர்த்தெடுத்த வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது, எங்கள் குடும்பத்துத் தோப்பும் அதில் போனதுதான். இருந்தாலும் ஒரு மூட்டைக் கொட்டையின் விலைக்கு ஆயுள் தண்டனை வழக்கை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பன்றி விஷயத்தில் இரண்டு மாநிலச் செய்திகள் கலந்துவிட்டன. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின் பேரில் உரிமமுள்ளவர்கள் சுட அனுமதிக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த முறை வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் சுடலாம், சுடுகிறவர் வனத்துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். நீங்களாகச் சுட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வருவதோடு, உரிமமும் போய்விடும். பயிர்ச் சேதத்தை எழுதிக் கொடுத்து வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ உறவினர் வீட்டில் வைக்கவோ புதுச்சேரிப் பக்கம் எடுத்துப் போவதானால், உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள். தமிழ்நாட்டோடு நிற்கிறது என்றால் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டும் கணத்தில் உங்கள் உரிமம் பின்தங்கிவிடும். ஒரு காலத்தில் இந்த எல்லைக்கு எதிர்ப் பொருள் இருந்தது. ஆங்கிலேயரின் 1878ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சுப் புதுச்சேரியில் செல்லாது. 1911இல் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி பழகியது அங்கேதான். இன்று இரு பக்கமும் ஒரே சட்டம், அதிகாரிகள் மட்டும் வேறு.

மாப்பிள்ளை பொங்கலுக்கு வருவதாக இருந்தால் அவருக்கும் ஒரு சேதி. அங்கே சுடும் பயிற்சிக்கு எடுத்துப் போகும் பையிலேயே துணியை அடுக்கிக்கொண்டு வந்து, அதன் மடிப்பில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972ஆம் ஆண்டு குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து அவர்களை வெளியே கொண்டுவர முடியும்தான், ஆனால் அதற்குள் விடுப்பு தீர்ந்து, விமானமும் போயிருக்கும். பயிற்சிப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வேறு பெட்டி எடுத்து வரச் சொல்லுங்கள்.